ஓகே: சரியா, பரவாயில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் 'ஓகே' பற்றிய குறிப்பைப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் 'ஜீரோ கில்டு' (0 Killed) என்று எழுதிவைத்தார்களாம், அதன் சுருக்கம்தான் ஓகேயாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. அந்தப் போர் தொடங்கியதே 1861இல்தான். ஓகே 1839 மார்ச் 23 அன்றே 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அச்சாகிவிட்டது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக 'ஓல் கொரெக்ட்' (oll korrect) என்று எழுதி, அதையும் ஓ.கே. என்று சுருக்கினார்கள். அன்றைய பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரு விளையாட்டு. மறு ஆண்டுத் தேர்தலில் கின்டர்ஹுக் ஊர்க்காரரான அதிபர் மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்ட் கின்டர்ஹுக்' ஆக்கி, ஆதரவாளர்கள் ஓ.கே. என்று கோஷம் போட்டார்கள். அவர் தோற்றுப்போனார், சொல் நின்றுவிட்டது. இதையெல்லாம் 1960களில் தோண்டியெடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர்.

பிறந்த கதை கிடக்கட்டும். 'ஓகே என்றால் சரி' என்று குறிப்பு ஒரே வரியில் முடித்ததுதான் எனக்கு உறுத்தியது. பல இடங்களில் அது 'சரி' அல்ல, நம் 'பரவாயில்லை'. 'நாளைக்கு வரட்டுமா?' என்பதற்கு ஓகே என்றால் சரி, வாருங்கள். ஆனால் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய அறிக்கைக்கு மேலதிகாரி 'இட்ஸ் ஓகே' என்று மட்டும் பதில் போட்டால் மகிழ்ந்துவிடக் கூடாது. 'ஏதோ பரவாயில்லை' என்கிறார், அவ்வளவுதான். குரல் கேட்காத மெயிலில் அது இன்னும் சப்பென்று இருக்கும்.

இதைவிடச் சிக்கல் 'ஐ ஆம் ஓகே'. 'பையைத் தூக்கிக்கொள்ளட்டுமா?' என்று கேட்கும்போது ஒருவர் இப்படிச் சொன்னால், 'பரவாயில்லை, வேண்டாம்' என்று நாசூக்காக மறுக்கிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பையைப் பிடுங்குகிறவர்கள் உண்டு! விழுந்து எழுந்தவரிடம் 'ஆர் யூ ஓகே?' என்றால் அடி ஏதும் படவில்லையே என்ற விசாரிப்பு. வகுப்பில் ஆசிரியர் 'ஓகே, அடுத்த பக்கம்' என்றால் அது யாருக்கும் சொன்ன சம்மதமில்லை, பேச்சைத் திருப்புகிற நம் 'சரி, அப்புறம்' மாதிரி.

விண்ணப்பக் கடிதங்களில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது என்பதையும் குறிப்பில் சொல்லியிருக்கலாம். இனி ஒரு சொல்லை விளக்கும்போது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரிகிற மாதிரி இரண்டு மூன்று பேச்சு வரிகளையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்