மெதுவாக வாசி

அன்புள்ள கண்ணா,

பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. முறுக்கு அடியில். உன் அறை நண்பனுக்கும் கொடு. போன தடவை எள்ளுருண்டை முழுவதையும் அவனே தீர்த்துவிட்டான் என்றாய். பெட்டி கனமாக இருக்கும். இடது கையால் தூக்கு.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் 'சாப்பிட்டாயா' என்பேன், நீ 'ம்' என்பாய், அதோடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மேய்ச்சலாக மேய்ந்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டங்களுக்காகத் தமிழ்ப் பள்ளியைப் பாதியில் நிறுத்தியதற்கு இப்போது இப்படி ஒரு பலன். நிறுத்தியது யார் என்று கேட்காதே. மெதுவாக வாசி.

இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்கு வேலை மாற்றம் வரும் போலிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆச்சி இன்னமும், "பந்து எறிவதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறாள். பிறகு அவளே தாத்தா ஒரே கல்லில் மாங்காய் விழுத்தாட்டிய கதையை ஆரம்பித்து, பேரனுடைய கை எங்கிருந்து வந்தது பார் என்று முடிக்கிறாள். சேலம் மாமா உன் சம்பளத்தைக் கேட்டார். 2023 ஒப்பந்தப்படி, பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ ஆட்டக்காரருக்கு வருடம் 30,250 டாலர், அதற்கு முன் 13,800தான் என்று கணக்காகச் சொன்னேன். "இதற்கா இன்ஜினீயரிங்கை விட்டான்?" என்றார். பெரிய லீக் அணிகள் எல்லாம் சேர்ந்து நாடு முழுவதும் வருடத்துக்கு இருபது சுற்றுகளில் அறுநூற்றுச் சொச்சம் பேரைத்தான் எடுக்கிறார்கள், அதில் பதினான்காவது சுற்றில் என் மகன் பெயரைக் கூப்பிட்டார்கள் என்றேன். போனை வைத்த பிறகு, அவர் கேட்டதில் என்ன தவறு என்றும் தோன்றியது. அதை விடு.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் பஸ். நீ பந்தெறியும் முறை வெள்ளி. போன வெள்ளி லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். பந்தெறிபவர் நிற்கும் மேட்டில் வேறொரு பையன் ஏறினான். அதற்கு முந்தைய வெள்ளியும் அவன்தான். "ஓய்வு கொடுத்திருப்பார்கள்" என்றார் அப்பா. நானும் ஆமாம் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவு பஸ்ஸில் வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்காதே. பைகளை இடது கையால் எடு.

கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு நாங்கள் வந்திருந்தோமே, கடற்காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்த அன்று. நான்காவது இன்னிங்ஸ் வரை பலகையில் உன் பந்தின் வேகம் 94, 95 மைல் என்று வந்தது. ஐந்தாவதில் 91. நீ மேட்டுக்குப் பின்னால் போய் நின்றாய். மோதிர விரலையும் சுண்டு விரலையும் விரித்து விரித்து மூடினாய். காற்றில் விரல் விறைத்திருக்கும் என்றார் அப்பா. ஜூன் மாத டெக்சஸில்!

ஆட்டம் முடிந்து வேலியோரம் வந்தபோது புளியோதரை டப்பாவை நீட்டினேன். நீ இடது கையால் வாங்கினாய். ஆச்சி உன் இடது கையைத் தட்டித் தட்டி வளர்த்தவள். இந்த இருபத்துமூன்று வருடங்களில் நீ என்னிடமிருந்து எதையும் இடது கையால் வாங்கியதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. "உப்புச் சரியாக இருக்கிறதா பார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இரவில் உட்கார்ந்து படிக்கிறேன். முழங்கையின் உள்பக்கத் தசைநாரை ஒட்டி ஓடும் நரம்புதான் அந்த இரண்டு விரல்களுக்கும் போகிறதாம். இத்தனை வருடம் பந்தை எண்ணியவளுக்கு இது தெரியாமல் போயிற்று. அப்பாவும் ஏதோ ஊகித்திருக்கிறார். சாப்பிடும்போது சம்பந்தமே இல்லாமல், முழங்கை அறுவை சிகிச்சைக்கே தன் பேர் வைக்கப்பட்ட அந்தப் பந்தெறிபவர் டாமி ஜான் கதையை எடுக்கிறார். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார், நூற்றில் ஒரு வாய்ப்பு என்றார், மனிதர் 1976-இல் திரும்பி வந்து அதன் பிறகு 164 ஆட்டங்கள் ஜெயித்தார், 46 வயது வரை எறிந்தார். ரசம் ஊற்றுவதற்குள் முழுக் கதையும் முடிந்துவிடும். திரும்பி வராதவர்கள் பேரை எந்தச் சிகிச்சைக்காவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அன்று அவர் மோர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாரும் உன்னைப் பந்தெறிபவர் குமார் ராக்கரோடு சேர்த்துத்தான் விசாரிக்கிறார்கள். அவருடைய அம்மா இந்திய வம்சாவளி என்பதால் ஏதோ நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. அவர்களுக்கு 2024 செப்டம்பரில் அவர் ரேஞ்சர்ஸ் அணிக்காக மேடேறியது மட்டும்தான் தெரியும். 2021-இல் பத்தாவது ஆளாகத் தேர்வாகியும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கையெழுத்து நடக்காமல் போனதும், 2023-இல் இதே முழங்கைக்குக் கத்தி வைத்ததும் தெரியாது. நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. சொன்னால் ஸ்கேன். ஸ்கேன் என்றால் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ. அதற்குள் அந்த வெள்ளிக்கிழமைப் பையன் உன் இடத்தில் வேர் பிடித்துவிடுவான். புரிகிறது. ஆனாலும் பெற்றவளிடம் சொல்வதற்கு என்ன?

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலையில் தொடர்கிறேன்.

அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரத்து ஆய்வாளர்கள் சிறுவர்களை வைத்துப் பார்த்த கணக்கு ஒன்று 2006-இல் வந்திருக்கிறது. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்த பையன்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 5 மடங்கு. நீ பதினொரு மாதம் எறிந்தாய். டிசம்பரில் ஊருக்குப் போனதால்தான் அந்த ஒரு மாதமும் மிச்சம். களைத்த கையோடு அடிக்கடி எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. அதைப் படித்ததும் அலமாரியிலிருந்து, நீ எறிந்த பந்துகளை எண்ணி எழுதிய நீல நோட்டை எடுத்தேன்.

உனக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை ஒரு அணிக்கு எறிந்தாய். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, வழக்கம்போல எண்ணினேன். 97. அன்றிரவு முழங்கையின் உள்பக்கம் குத்துகிறது என்றாய். கோடாலித் தைலம் தேய்த்து, தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். ஞாயிறு இன்னொரு அணிக்கு இறுதி ஆட்டம். வலைக்குப் பின்னால் வேகக் கருவியோடு கல்லூரி ஆட்கள் இரண்டு பேர். பயிற்சியாளர் என்னிடம் வந்து நேற்று எத்தனை பந்து என்று கேட்டார். முப்பதுக்குள் இருந்தால்தான் உன் வயதுக்கு மறுநாள் எறியலாம். 28 என்றேன்.

நீ பக்கத்தில்தான் நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு கையுறையை எடுத்துக்கொண்டு போனாய்.

அன்று 71 பந்து. ஜெயித்தீர்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அன்று எடுத்ததுதான், ஒவ்வொரு வெள்ளியும் துடைக்கிறேன். உன் கல்லூரி, உன் பதினான்காவது சுற்று எல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் வரிக் கணக்குப் பார்க்கிறவள், ஒரு டாலர் இடித்தால் இரவு முழுவதும் தேடுகிறவள். நோட்டில் 97 சரியாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒருமுறைகூட வலி என்று சொன்னதில்லை. நீ தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறைப்பதற்கு உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான் என்பது இந்த வாரம்தான் உறைத்தது.

நோட்டையும் பெட்டியில் வைத்திருக்கிறேன், முறுக்கு டப்பாவுக்குக் கீழே. எப்போதிருந்து வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டு. மூலையை மடித்திருக்கிறேன். அம்மாவின் எழுத்து என்று சொல். நாளைக்கே போ. அந்தப் பையன் எறிந்துவிட்டுப் போகட்டும்.

28 விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. இன்று இரவு நானே சொல்லப்போகிறேன். அதற்குள் அவர் உன்னைக் கூப்பிட்டால் முந்திக்கொள்ளாதே. எண்ணெய் கசியாமல் ஊறுகாயை நிமிர்த்தி வை.

அம்மா