ஜனவரி முதல் வாரத்து மருந்துக்கடைக் கவுண்டர்: மெடிகேர் மருந்துத் திட்டத்தைத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். அலுவலர்களுக்கும் வணக்கம்.

மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று மெடிகேரின் மருந்துக் காப்பீடாகிய பார்ட் டிக்குப் பில் போடுகிறவர்களும், முதியோருக்குத் திட்டம் பார்த்துச் சேர்த்துவிடுகிறவர்களுமாகிய தமிழர்கள் நாங்கள். கிரீன் கார்டில் வந்து தொடர்ந்து 5 ஆண்டு வாழ்ந்து, 65 வயதையும் தாண்டிய தமிழ்ப் பெற்றோர் பலர் இன்று இந்தத் திட்டத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒருவருடைய மருந்துக் காப்பீட்டை அரசு மாற்றும்போது, பழையதும் புதியதும் 60 நாளாவது சேர்ந்து ஓடவேண்டும். பழையது நள்ளிரவில் நின்று, புதியது அதே நொடியில் தொடங்கும் என்ற கணக்கு 2006இல் பொய்த்துப்போனது. சிறிய அளவில் இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் பொய்த்துக்கொண்டிருக்கிறது.

அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2003 டிசம்பர் 8 அன்று கையெழுத்திட்ட சட்டத்தின்படி பார்ட் டி 2006 ஜனவரி 1இல் தொடங்கியது. மெடிகேரும், ஏழைகளுக்கு மாநிலங்கள் நடத்தும் மருத்துவ உதவித் திட்டமாகிய மெடிகெய்டும் சேர்ந்து பெற்ற ஏழை முதியோர், மாற்றுத்திறனாளிகள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதுவரை அவர்களுக்கு மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டது மாநிலத்தின் மெடிகெய்ட். 2005 டிசம்பர் 31 நள்ளிரவோடு அது நின்றது. தாமாகத் திட்டம் தேர்ந்தெடுக்காதவர்களை அரசே தனியார் திட்டங்களில் குலுக்கல் போல் பிரித்துப் போட்டது. அந்தத் திட்டத்தின் பிரீமியம், ஏழைகளுக்காக அரசு கட்டும் வட்டார வரம்புத் தொகைக்குள் இருக்கிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். அந்த மனிதர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அது அந்தத் திட்டத்தின் மருந்துப்பட்டியலில் உண்டா என்று பார்க்கவில்லை.

கவுண்டரில் என்ன ஆனது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் மற்றது புரியும். ஒரு பில் போவதற்கு நான்கு விவரம் வேண்டும்: எந்தக் கணினிக்குப் போகவேண்டும் என்று சொல்லும் 6 இலக்க ‘பின்’ எண், அதற்குள் எந்தப் பிரிவு என்று சொல்லும் பி.சி.என்., குரூப் எண், உறுப்பினர் எண். கார்டு கையில் இருந்தால் நான்கும் அதிலேயே இருக்கும். கார்டு வராதவருக்காக ‘ஈ1’ என்ற வினவல் வைத்திருந்தார்கள். பெயர், பிறந்த தேதி, மெடிகேர் எண் போட்டு அனுப்பினால் மற்ற நான்கும் திரையில் வந்து விழவேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் பலருக்கு அது வெறுமையாகத் திரும்பியது, அல்லது திரும்பவே இல்லை. டிசம்பரின் பிற்பாதியில் சேர்ந்தவர்கள், திட்டம் மாறியவர்கள் விவரம் கோப்பில் ஏறவில்லை. திட்டத்துக்குப் போன் போட்டால் மணிக்கணக்கில் பாட்டு மட்டும் கேட்டது.

இன்னொரு கோளாறு இதைவிடக் கொடியது. ஆள் இந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று கணினிக்குத் தெரியும். அவர் ஏழை, மருந்துச் செலவுக்கு அரசின் கூடுதல் உதவி பெறுகிறவர் என்பது தெரியாது. அப்படியானால் அது சாதாரண உறுப்பினருக்கான கணக்கைத்தான் போடும். 1 டாலரோ 3 டாலரோ கட்டிவிட்டு மருந்தை வாங்கிப் போகவேண்டியவரிடம், 250 டாலர் டிடக்டிபிளை (காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் உறுப்பினர் கட்டவேண்டிய தொகையை) முதலில் கட்டு என்றது திரை. அந்தப் பணம் கையில் இருந்தால் அவர் மெடிகெய்டில் ஏன் இருக்கப்போகிறார்? மருந்தில்லாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. மூன்று நாள் மாத்திரையை எண்ணிக் கடனாகக் கொடுத்து அனுப்பிய மருந்தாளுநர்களும் உண்டு.

பதற்றத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் லோரசெபாம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளைச் சட்டமே பார்ட் டியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2013இல்தான் அவை உள்ளே வந்தன. அவற்றுக்குப் பல மாநிலங்களில் மெடிகெய்ட் தொடர்ந்து பணம் கொடுத்தது. ஆக ஒரே சீட்டில் எழுதிய இரண்டு மாத்திரையில் ஒன்று புதிய திட்டத்துக்கும் மற்றது பழைய மெடிகெய்டுக்கும் போகவேண்டும். இதைத் தெரியாமல் இரண்டையும் ஒரே இடத்துக்கு அனுப்பி, நிராகரிப்பு வாங்கி, மருந்தே கிடையாது என்று சொன்ன கவுண்டர்கள் இருந்தன. வலிப்புக்குக் குளோனசெபாம் சாப்பிடுகிறவர் திடீரென்று அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எந்த மருத்துவரும் சொல்வார்.

ஜனவரி மாதத்துக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் கருவூலத்திலிருந்து எடுத்து மருந்துக்குப் பணம் கொடுத்தன. குடியரசுக் கட்சி ஆளுநர், ஜனநாயகக் கட்சி ஆளுநர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. அவர்கள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெடிகெய்டிலிருந்து மருந்துச் செலவு இறங்கியதற்கு ஈடாக மாநிலங்கள் மத்திய அரசுக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. மத்திய அரசு செய்யத் தவறிய வேலைக்கும் செலவழித்து, அதற்கான கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள். ஜனவரி 24 அன்று, மாநிலங்கள் செலவழித்ததைத் திருப்பித் தர சி.எம்.எஸ். ஒப்புக்கொண்டது. பட்டியலில் இல்லாத மருந்தாக இருந்தாலும் 30 நாளுக்குக் கொடுங்கள் என்று திட்டங்களுக்குச் சொல்லி, பிறகு அதை மார்ச் 31 வரை நீட்டித்தது. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடவேண்டும் என்று நாங்கள் கேட்பது இதைத்தான். அன்று அது மூன்று வாரம் கழித்து, அமளிக்குப் பின் வந்தது. முதல் நாளே இருந்திருந்தால் அந்த அமளியே இருந்திருக்காது.

அரசியலுக்கு வருகிறோம், ஏனெனில் உங்கள் தொழில் அது. இந்தச் சட்டம் பிறக்கும்போதே நம்பிக்கையை இழந்து பிறந்தது. 2003 நவம்பர் 22 விடியற்காலை பிரதிநிதிகள் சபையில் 15 நிமிடத்தில் முடியவேண்டிய வாக்கெடுப்பு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இழுக்கப்பட்டது. 220க்கு 215 என்று நிறைவேறியது. அந்த இரவில் ஓர் உறுப்பினரின் வாக்குக்காக நடந்த பேரத்துக்கு, சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த டாம் டிலேயை அவை ஒழுங்குக் குழு அடுத்த ஆண்டு கண்டித்தது. பத்தாண்டுச் செலவு 39,500 கோடி டாலர் என்று நம்பி வாக்களித்தார்கள்; மெடிகேரின் தலைமைக் கணக்கீட்டாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டரிடம் இருந்த கணக்கு 50,000 கோடியைத் தாண்டியது. அதை நாடாளுமன்றத்திடம் சொல்லவேண்டாம் என்று அவர் தடுக்கப்பட்டார். பிற்பாடு உண்மைச் செலவு மதிப்பிட்டதைவிடக் குறைவாகவே வந்தது, உறுப்பினர்களுக்கும் திட்டம் பிடித்துப்போனது. இதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். ஆனால் ஒளித்துவைத்த கணக்கோடு தொடங்கிய திட்டம் முதல் வாரத்தில் தடுமாறியபோது, அதற்காகப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

2006 கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிடக்டிபிள் 250 டாலர். அதன்பின் மொத்தச் செலவு 2,250 டாலர் ஆகும்வரை உறுப்பினர் கால்பங்கு கட்டினால் போதும். அதற்கு மேல் 5,100 டாலர் வரை முழுத்தொகையும் அவர் தலையில். இதைத்தான் டோனட் ஓட்டை என்றார்கள். மாதம் 250 டாலர் மருந்து வாங்கும் ஒருவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது மாதம், செப்டம்பர் முடியும்போது, 2,250 ஆகிவிடும். அக்டோபரில் பிரீமியம் கட்டிக்கொண்டே மருந்துக்கும் முழுவிலை கொடுக்கிறார். நவம்பர் 7 அன்று வாக்குச்சாவடிக்குப் போகிறார். அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சி இரு அவைகளையும் இழந்ததற்கு மருந்து மட்டும் காரணம் இல்லை, ஈராக் போர்தான் முன்னே நின்றது. ஆனால் முதியோருக்கு 40 ஆண்டில் கிடைத்த மிகப்பெரிய மெடிகேர் விரிவாக்கத்தைச் செய்தவர்கள், அதைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாமல் நின்றார்கள் என்பது உண்மை. 2007 ஜனவரி 12 அன்றே, மருந்து விலையை அரசு பேரம் பேசலாம் என்ற மசோதாவைப் புதிய சபை 255க்கு 170 என்று நிறைவேற்றியது. ஏப்ரலில் அது செனட்டில் தடைபட்டது. பேரம் பேசும் அதிகாரம் வர 2022 ஆகஸ்ட் ஆனது.

அந்த ஜனவரியிலிருந்து நல்லவையும் பிறந்தன. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 90 நாளுக்குள், பட்டியலில் இல்லாத மருந்தையும் ஒரு மாதத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது இன்று விதி. ஏழை என்பதைக் காட்ட மெடிகெய்ட் கார்டின் நகலோ மாநிலக் கடிதமோ இருந்தால் அதை ஏற்று, குறைந்த கோபேயை (உறுப்பினர் கவுண்டரில் கட்டும் பங்கை) வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கச் செய்யவேண்டியது திட்டத்தின் கடமை. பில் போட்ட 14 நாளுக்குள் கடைக்குப் பணம் வரவேண்டும் என்பதை 2008இல் அதிபரின் தடையுரிமையை முறியடித்துச் சட்டமாக்கினீர்கள். மறக்கமாட்டோம்.

ஆனாலும் ஓட்டைகள் இருக்கின்றன. அந்த ஒரு மாத மருந்து கிடைத்ததும், நம் மருந்துக்குக் காப்பீடு உண்டு என்று முதியவர் நினைத்துக்கொள்கிறார். மூன்று வேலை நாளுக்குள் திட்டம் கடிதம் அனுப்புகிறது. அதில் ‘இது தற்காலிகம்’ என்பது பத்திகளுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. பிப்ரவரியில் வந்தால் நிராகரிப்பு. விதிவிலக்குக் கேட்கலாம்: மருத்துவரின் விளக்கம் போய்ச்சேர்ந்தபின் 72 மணி நேரம், அவசரமென்றால் 24 மணி நேரம். அந்த விளக்கத்தை மருத்துவர் அலுவலகத்திலிருந்து வாங்குவதற்குள் மாத்திரை தீர்ந்துவிடுகிறது. ஜனவரியில் தற்காலிகமாக மருந்து போகும் அதே நிமிடத்தில், மருத்துவரின் கணினிக்கு விதிவிலக்குப் படிவம் தானாகப் போகும்படி செய்யுங்கள்.

அடுத்தது வண்ணக் கடிதங்கள். 34 வட்டாரங்களிலும் வரம்புத் தொகை ஆண்டுதோறும் மாறுகிறது. அதற்கு மேல் பிரீமியம் போன திட்டத்திலிருந்து ஏழை உறுப்பினரை வேறொன்றுக்கு மாற்றி நீலக் கடிதம் அனுப்புகிறீர்கள். தாமாகத் திட்டம் தேர்ந்தெடுத்தவர்களை மாற்றுவதில்லை. இனி பிரீமியம் கட்டவேண்டிவரும் என்று பழுப்புக் கடிதம் மட்டும் வருகிறது. கூடுதல் உதவி நிற்கப்போகிறவருக்குச் சாம்பல் நிறக் கடிதம். ஆங்கிலம் படிக்காத ஒருவர் வீட்டில் இந்த மூன்றும் விளம்பரத் தாள்களோடு ஒரே உறைக்குவியலில் கிடக்கின்றன. (பிள்ளைகளே, சாம்பல் கடிதம் வந்தால் அன்றைக்கே சோஷியல் செக்யூரிட்டியில் கூடுதல் உதவிக்கு விண்ணப்பம் போடுங்கள். மெடிகெய்ட் போனவருக்கும் வருமானத்தை வைத்து அது கிடைக்கலாம்.) நீலக் கடிதத்தின் முதல் வரியில், அந்த உறுப்பினர் கடந்த ஆறு மாதம் வாங்கிய மருந்துகளில் எது புதிய திட்டத்தில் இல்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். விவரம் உங்கள் கையில் இருக்கிறது.

பேரம் பேசும் அதிகாரம் தந்த அந்த 2022 சட்டத்தின் பலன்கள் பெரியவை. உறுப்பினர் ஓர் ஆண்டில் மருந்துக்குக் கட்டும் கைக்காசுக்கு உச்சவரம்பு வந்தது: 2025இல் 2,000 டாலர், 2026இல் 2,100. அதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டவும் வழி வந்தது. ஆனால் தவணையில் சேர்வதற்குக் கவுண்டரில் வழியில்லை, திட்டத்துக்குத்தான் சொல்லவேண்டும். ஜனவரியில் சேர்ந்தால் முதல் மாதம் அதிகபட்சம் 175 டாலர். செப்டம்பரில் சேர்ந்தால், மீதி நான்கு மாதத்துக்கு வகுத்து, 525 டாலர் வரை போகும். இது தேவைப்படுவது ஜனவரி 2 அன்று புற்றுநோய் மாத்திரை வாங்க வருகிறவருக்கு. ஒரே மருந்துக்குக் கைக்காசு 600 டாலரை எட்டினால் கடை ஓர் அறிவிப்புத் தாள் கொடுக்கவேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு, மருந்தை வாங்காமல் வீட்டுக்குப் போகிறார். கையெழுத்தைக் கவுண்டரிலேயே வாங்க அனுமதியுங்கள்.

பேரம் பேசிய விலைகள் 2026 ஜனவரி 1 முதல் 10 மருந்துகளுக்கு அமலாகின. இரத்தம் உறையாமல் தடுக்கும் எலிக்விஸ் ஒரு மாதத்துக்கு 231 டாலர். 2023இல் பட்டியல் விலை 521. நோயாளிக்கு இது வரம். கடைக்கு என்ன ஆகிறது? கடை பழைய விலையில் கொள்முதல் செய்கிறது, திட்டம் புதிய விலையில்தான் கொடுக்கிறது, நடுவில் உள்ள தொகையை, 2023 விலைப்படி ஏறத்தாழ 290 டாலரை, உற்பத்தி நிறுவனம் பிறகு திருப்பித் தரவேண்டும், விவரம் அவர்களுக்குப் போய் 14 நாளுக்குள். 100 பேருக்குக் கொடுக்கும் கடையில் 29,000 டாலர் வெளியே நிற்கும், அதுவும் ஒரே ஒரு மருந்துக்கு. 2006இல் திட்டங்களின் பணம் தாமதமாகி, ஊருக்கு ஒன்றாக இருந்த சிறு கடைகள் வங்கிக் கடன் வாங்கித்தான் ஓட்டின. 2027இல் இன்னும் 15 மருந்துகள் சேர்கின்றன. இந்தப் பணத்தைக் கொள்முதல் நேரத்திலேயே கழித்துக்கொடுக்க வழிசெய்யுங்கள், அல்லது சிறு கடைகளுக்கு முன்பணம் கொடுங்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நவம்பர் இறுதிக்குள், 34 வட்டாரங்களிலும், ஜனவரியில் மாற்றப்படவிருக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சோதனை வினவல் அனுப்பிப் பாருங்கள். நான்கு விவரமும் சரியான கோபேயும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வெறுமையாக வருகிறவர்கள் பட்டியலை டிசம்பர் 15க்குள் திருத்துங்கள். திருத்த முடியாமல் மிஞ்சுகிறவர்களின் பழைய காப்பீட்டை மட்டும் டிசம்பர் 31 அன்று நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கவுண்டரிலும் ஆலோசனை மேசையிலும் பணிபுரியும் தமிழர்கள்