கல்லூரிப் பிள்ளைகளின் டாக்ஸ்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

டாக்ஸ் சீசனில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து இலவசமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் வீட்டா (அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் உதவித் திட்டம்) தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அங்கேயும் சரி, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் சரி, நம்மவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "எங்க ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. பிள்ளையோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரை யாரோ முன்னாடியே போட்டிருக்காங்களாம்."

யாரோ இல்லை, பிள்ளையேதான். ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு போனிலேயே ஃபைல் செய்திருக்கும். "வேறு யாராவது உன்னை டிபெண்டண்டாக (தங்களைச் சார்ந்தவராக) காட்ட முடியுமா" என்ற கட்டத்தை டிக் செய்யாமல் தாண்டியிருக்கும். டிக் செய்தால் ரீஃபண்ட் குறையும் என்று ரூம்மேட் சொல்லியிருப்பார்.

குறையாது. கோடை வேலையில் 6,000 டாலர் சம்பாதித்த பிள்ளை டிபெண்டண்டாகவே இருந்தாலும், சம்பளத்தோடு 450 டாலர் கூட்டிய தொகை வரி போடாத கழிவாகக் கிடைக்கும். 2025 வருமானத்துக்கு அதன் உச்சம் 15,750. ஆக, பிடித்த ஃபெடரல் வருமான வரி முழுசாகத் திரும்பி வரும். நஷ்டம் உங்களுக்குத்தான்: பிள்ளையை டிபெண்டண்டாகக் காட்டினால் வரியில் குறையும் 500 டாலர் கிரெடிட்டும், தகுதி இருந்தால் கல்லூரிச் செலவுக்காக 2,500 வரை வரும் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டும் நின்றுபோகும்.

அந்த டிக் வீட்டில் பேசி முடிவு செய்கிற விஷயமும் இல்லை. ஆண்டு முடிவில் 24 வயது ஆகாமல், ஐந்து மாதமாவது முழுநேரம் படித்து, தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காத பிள்ளையை நீங்கள் காட்டலாம். ஹாஸ்டல் நாட்களும் உங்கள் வீட்டில் இருந்த நாட்களாகவே கணக்கு. இன்டர்ன்ஷிப் பணத்தை பேங்கில் போட்டு வைத்தால் அது செலவில் சேராது, ஸ்காலர்ஷிப்பும் சேராது. (ஆனால் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போன ஸ்காலர்ஷிப் பணம் பிள்ளையின் வருமானம். கட்டணத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் காட்டும் 1098-டி படிவம் கல்லூரி போர்ட்டலில் திறக்கப்படாமலே கிடக்கும், எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.)

கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தனிக் கணக்கு. கூட்டு வருமானம் 1,80,000 டாலரை எட்டினால் அந்த 2,500 உங்களுக்குக் கிடையாது. நீங்கள் பிள்ளையைக் காட்டாமல் விட்டால், பிள்ளை தன் வரியைக் குறைக்க அதைக் கேட்கலாம். டிக் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். 2025-ல் 30,000 சம்பாதித்த பிள்ளைக்கு ஏறக்குறைய 1,470 டாலர் வரி வரும். உங்கள் 500-ஐ விட்டுக்கொடுப்பது லாபம். 20,000 என்றால் வரியே 425-தான், விடாதீர்கள்.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் படிக்க வந்து ஐந்து வருடம் ஆகாத அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளைகளின் கதை வேறு. வருமானமே இல்லாவிட்டாலும், அமெரிக்காவில் இருந்த நாட்களைச் சொல்லும் 8843 படிவம் உண்டு. சம்பளம் இருந்தால், வரிக் கணக்கில் வெளிநாட்டவருக்கான ரிட்டர்னான 1040-என்.ஆர். உங்கள் பிள்ளையின் சாஃப்ட்வேரை அவர்களுக்குக் கை காட்டிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஃபைல் செய்தாயிற்றா? பிள்ளை 1040-எக்ஸ் போட்டுத் திருத்தட்டும். நீங்கள் ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஐ.பி. பின் (நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் ரகசிய எண்) வாங்கி இ-ஃபைல் செய்யலாம், இல்லாவிட்டால் பேப்பரில் அனுப்பலாம். இன்னும் செய்யவில்லை என்றால், இந்த வாரக் கடைசியில் போன் போட்டு "சாப்பிட்டியா" என்று கேட்ட கையோடு அந்தக் கட்டத்தையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வீட்டா தன்னார்வலர்