பாசிட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவுக்கு நாலு நாளாக விடாத காய்ச்சல். லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சாயங்காலம் கைக்கு வந்த தாளில் 'டெங்கு என்எஸ்1' என்ற டெங்குக் கிருமிச் சோதனைக்கு நேரே தடித்த எழுத்தில் ஆங்கிலத்தில் 'பாசிட்டிவ்'. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பாசிட்டிவ்னுதானே போட்டிருக்கு, நல்லதுதான், வா வீட்டுக்குப் போகலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. 'பாசிட்டிவா இருங்க' என்று டிவியில் தினமும் கேட்கிறவர், அதே சொல் லேப் தாளில் 'தேடிய கிருமியின் தடயம் இருக்கிறது' என்று பொருள் மாறுவது அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கேயே கையில் ரத்த வகை அட்டையோடு ஒரு கர்ப்பிணிப் பெண், 'ஓ நெகட்டிவ்' என்பதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். அது வியாதியே இல்லை, சிவப்பணுக்களின் மேல் ஆர்எச் என்ற புரதம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பிறக்கும் குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு, அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், அதனால் அந்த அட்டையைத் தொலைக்கக் கூடாது என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

பேட்டரியில் இருக்கும் பாசிட்டிவோ இரண்டிலும் சேராது. மின்சாரத்துக்கு 1747 வாக்கில் பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்த பெயர் அது, நல்லது கெட்டதுக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, தமிழில் எழுதலாம் என்று நம் நாளிதழ் 'நேர்மறை' என்று போடுகிறது. எனக்கு அதுவும் உறுத்துகிறது. மறை என்றால் மறுப்பது. பள்ளிக்கூடத்தில் வருவான் என்பது உடன்பாடு, வாரான் என்பது எதிர்மறை என்றுதான் படித்தோம், அப்படியிருக்க இருப்பதைச் சொல்லும் சொல்லுக்குள் மறுப்பு எப்படி வந்தது? அப்புறம், 'பரிசோதனை முடிவு நேர்மறை' என்று போட்டாலும் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துதான் இருப்பார்.

கொரோனா காலத்தில் 'தொற்று உறுதி' என்று பத்திரிகைகள் எழுதின, படித்தவுடனே எல்லோருக்கும் புரிந்தது. ரத்த வகைக்கு வேண்டுமானால் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பெயரே இருக்கட்டும். நோய்ச் செய்தி என்றால் 'டெங்கு உறுதி', 'டெங்கு இல்லை' என்றே போடுங்கள். லேப்காரர்களும் தாளின் கடைசியில் தமிழில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்