தூண்டலைப் படிப்படியாக ஏற்று

யீஷூன்
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் தேறி வருவது பெரிய நிம்மதி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்தப் பருவம் இரண்டு பிரிவுகளுக்கும் நரம்பியல் பாடம் உன்னுடையதுதான் என்று எழுதியிருந்தாய். உன் மாணவி கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ‘நரம்பு துடித்தால் முழுதாகத் துடிக்கும், இல்லாவிட்டால் துடிக்கவே துடிக்காது என்கிறீர்கள். அப்புறம் ஏன் படத்தில் தூண்டல் கூடக் கூட அலையும் உயர்கிறது?’ அவளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடாதே. பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

‘நரம்பு’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளுக்கும் பயன்படுத்துவதில்தான் குழப்பம். ஒற்றை நரம்பிழை வேறு, ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கட்டு வேறு. ஒற்றை இழை ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் ஓய்ந்திருக்கிறது. அதை −55 வரை தள்ளிவிட்டால் சோடியம் அயனிகள் உள்ளே நுழையும் கால்வாய்கள் ஒன்றையொன்று தூண்டித் திறந்துகொள்ளும், மின்னழுத்தம் +30 வரை பாயும். அந்த வாசலைத் தாண்டியபின் தூண்டலுக்கு வேலை இல்லை. வெடித்திரியில் தீ வைப்பதைப் போல: தீக்குச்சி பெரிதா சிறிதா என்று திரிக்குத் தெரியாது. 1871இல் பௌடிச் இதைத் தவளையின் இதயத்தில் கண்டார். இதயத்தின் செல்கள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருப்பதால் முழு இதயமும் ஒரே இழைபோல நடந்துகொள்கிறது. அதனால்தான் அங்கே முதலில் கண்ணில் பட்டது. மற்றத் தசைகளிலும் நரம்பிலும் அதை உறுதிசெய்ய அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் ஒற்றை இழை, தூண்டலின் வலிமையை எப்படிச் சொல்லும்? எண்ணிக்கையால். 1926இல் ஏட்ரியனும் சோட்டர்மனும் தவளையின் சிறு தசை ஒன்றை ஒரே ஓர் உணர்முனை எஞ்சும்வரை நறுக்கி, அதில் எடையைத் தொங்கவிட்டார்கள். எடை கூடியபோது துடிப்புகளின் உயரம் மாறவில்லை. நொடிக்கு வரும் துடிப்புகள் மட்டும் கூடின. எடையை அப்படியே விட்டுவைத்தால் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது. காலையில் கட்டிய கைக்கடிகாரம் சற்று நேரத்தில் மறந்துபோவது ஏன் என்று கேட்டால் இதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஏறத்தாழ ஒரு மில்லிநொடி இழை எதற்கும் அசையாது என்பதால் இந்த எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

இனிக் கட்டு. நரம்புக் கடத்தல் சோதனையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன், வகுப்பில் அப்படியே வரைந்து காட்டு. கட்டைவிரல் மேட்டுத் தசையின் நடுவில் ஒரு மின்வாய், கட்டைவிரல் மூட்டில் இன்னொன்று, புறங்கையில் தரைவாய். மணிக்கட்டில் இரண்டு தசைநாண்களுக்கு இடையே மீடியன் நரம்பின் மேல் தூண்டியை வைக்கிறோம், எதிர்மின்முனையான கேத்தோட் கைவிரல் பக்கம் பார்த்தபடி. நாம் கொடுக்கும் மின்துடிப்பின் நீளம் 0.2 மில்லிநொடி. மின்னோட்டத்தைப் பூச்சியத்திலிருந்து 5 மில்லிஆம்பியர் படிகளில் ஏற்றுகிறோம். முதலில் திரையில் நேர்கோடு. பிறகு ஒரு சின்ன மேடு. ஒவ்வொரு படிக்கும் மேடு உயரும். இன்னும் கொஞ்சம் இழைகள் வாசலைத் தாண்டின என்று பொருள். ஓரிடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் உயராமல் நின்றுவிடும். அதற்கும் மேல் 20 சதவீதம் கூட்டிய பிறகுதான் அளவை எழுத வேண்டும்.

தவறு நடப்பது இங்கேதான். நோயாளி முகம் சுளிக்கிறாரே என்று பாதியில் நிறுத்தினால் உயரம் குறைவாக வரும். நல்ல நரம்பை இழைகள் அழிந்த நரம்பு என்று எழுதிவிடுவோம். அளவுக்கு மீறி ஏற்றினால் மின்னோட்டம் பக்கத்து அல்னார் நரம்புக்கும் பரவும், அதன் தசைகளும் சேர்ந்து துடிக்கும், அலையின் தொடக்கம் தலைகீழாக ஒரு குழி போடும். அந்தக் குழியைக் கண்டால் உடனே இறக்கு. நம் ஊரில் இன்னொரு கேடு ஏர்கோன். கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் கடத்தும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும், ஆனால் அலையின் உயரமோ கூடும். தோல் 32 பாகைக்குக் கீழே இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. உணர்வின் அளவு, தூண்டலின் ஓர் அடுக்காக வளர்கிறது என்று உளவியலாளர் ஸ்டீவன்ஸ் கணக்கிட்டார். வெளிச்சத்துக்கு அந்த அடுக்கு மூன்றில் ஒரு பங்கு. விரல்வழி பாயும் மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ 3.5. மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் உணர்வு 11 மடங்காகும். நாம் ஏற்றுவது சமமான படிகள், அவர் உணர்வது செங்குத்துச் சுவர். ஆகவே உச்சியை நெருங்கும்போது படிகளைச் சிறிதாக்குவது மரியாதை மட்டுமல்ல, சரியான முறையும்கூட.

நான் மிகவும் விரும்புவது கெண்டைக்கால் சோதனை. வலுவான தூண்டல் குறைவான துலங்கலைத் தரும் இடம் அது. முழங்காலின் பின்குழியில் டிபியல் நரம்பை 1 மில்லிநொடி நீளமுள்ள வலுக்குறைந்த மின்துடிப்பால் தூண்டி, சோலியஸ் தசையில் பதிவுசெய். தசைக்கு நேராகப் போகும் இழைகள் இன்னும் எழவில்லை; ஆனால் 30 மில்லிநொடி கழித்து ஓர் அலை வருகிறது. தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் தடித்த உணர்விழைகள் முதலில் எழுந்து, மேலே போய், இயக்க இழைவழியாகத் திரும்பி வந்த எதிரொலி அது: எச் அலை. தூண்டலை ஏற்று. இப்போது சில மில்லிநொடிகளிலேயே தசையின் நேரடித் துலங்கலான எம் அலை எழும். இன்னும் ஏற்று. எம் அலை வளர வளர எச் அலை தேய்ந்து மறைந்துவிடும்! இயக்க இழையில் நாம் எழுப்பிய துடிப்பு கீழே மட்டுமல்ல, மேலேயும் ஓடுகிறது. மேலிருந்து இறங்கிவரும் எதிரொலியை வழியில் முட்டுகிறது. இரண்டின் பின்னாலும் இழை சற்று நேரம் எதற்கும் அசையாது என்பதால் இரண்டுமே அங்கேயே அணைகின்றன. உச்ச அளவில் மட்டும் தூண்டிப் பார்த்துவிட்டு ‘எச் அலை இல்லை’ என்று எழுதுபவர்கள் இந்தப் படியைத் தவறவிட்டவர்கள். மூன்று நொடிக்கு ஒருமுறைக்கு மேல் தூண்டினாலும் அது சுருங்கிப்போகும், அவசரப்படக் கூடாது.

ஒன்றை மாணவர்களிடம் கட்டாயம் சொல். வெளியிலிருந்து மின்சாரம் பாய்ச்சினால் தடித்த இழைகள்தான் முதலில் எழும். நாமாகக் கையை அசைக்கும்போது வரிசை நேர்மாறு. சிறிய இயக்க நரம்பணுக்கள் முதலில், பெரியவை கடைசியில். ஹென்னமன் 1965இல் இதை நிறுவினார். மின்தூண்டலால் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் களைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலங்கை அறுக்காமல் செய்ய ஏதாவது கேட்டிருந்தாயே, தொட்டாற்சுருங்கி போதும். பூங்காவில் செடியைப் பிடுங்கக் கூடாது. விதையின் தோல் கடினம், வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்துத் தொட்டியில் போடு. பற்குச்சியால் நுனிச் சிற்றிலையை மெல்லத் தொட்டால் அந்த இணையும் அக்கம்பக்கமும் மட்டும் மூடும். சுண்டினால் காம்பே தொங்கும். நுனியைத் தீயில் காட்டினால் செய்தி நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டர் வேகத்தில் மற்ற இலைகளுக்கும் போகும். சிற்றிலை ஒவ்வொன்றும் மூடுவது ஒரேமாதிரிதான், எத்தனை மூடுகின்றன என்பதுதான் அளவு. உன் மாணவியின் கேள்விக்குத் தொட்டியிலேயே பதில். பகலில் செய், ஒவ்வொரு முறைக்கும் இடையே அரைமணி விடு. தொட்டுக்கொண்டே இருந்தால் செடி பழகி மூட மறுக்கும்.

கணினியில் பாவனை செய்த வரைபடத்தை எனக்கு அனுப்பு. 10 மில்லிஆம்பியர் படி வைத்திருக்கிறாய், அதை 2 ஆக்கு. மேடு எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்கு வருவாய் என்றால் சொல், முளைத்த நாற்று இரண்டு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மீனா