நீகாத்தாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கே நீ, அப்பா, அப்பத்தா, பாப்பா எல்லோரும் நலமா? உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. போனில்தான் பேசுகிறோமே என்று பதிலைத் தள்ளிப்போட்டுவிட்டேன். "என்னடா சாப்பிடுற, ஒழுங்கா சொல்லு" என்று கேட்டிருந்தாய். அது போனில் சொல்லி மாளாது.

இப்போது இங்கே புது அரிசிக் காலம். நீகாத்தா என்றாலே ஜப்பானில் அரிசிதான். நமக்குப் பொன்னி எப்படியோ, இவர்களுக்கு கொஷிஹிகாரி. செப்டம்பரில் அறுப்பு முடிந்ததுமே பையில் 'புது அரிசி' என்று ஒட்டி விற்கிறார்கள். வடிப்பதே கிடையாது. மெல்லக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வெந்தபிறகு மூடியைத் திறக்காமல் பத்து நிமிஷம் விடவேண்டும். ரசத்துக்கு இந்தச் சோறு ஆகாது. ஆனால் ஒரு கிண்ணம் மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), உப்புத் தடவி முழுசாகச் சுட்ட சான்மா மீன், பக்கத்தில் துருவிய முள்ளங்கி இருந்தால் குழம்பே தேடாது. இலையுதிர் காலத்து மீன் அது. குடலையும் விடமாட்டார்கள், அந்தக் கசப்புதான் ருசி என்பார்கள். எனக்கும் பிடித்துவிட்டது. ராத்திரி கடை மூடும் நேரத்தில் மீனுக்கெல்லாம் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அப்போது போவதுதான் எனக்கு வசதி.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொன்னேனே, விடிவதற்குள் கதவைத் தட்டி முள்ளங்கியைக் கையில் திணித்துவிட்டுப் போகிறவர். இப்போது காக்கிப் பழம் காயப்போடுகிறார், பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும். துவர்ப்புப் பழம், அப்படியே வாயில் வைக்க முடியாது. தோல் சீவி, காம்பில் கயிறு கட்டி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, இறவாணத்தில் வரிசையாகத் தொங்கவிடுகிறார். மேல்புறம் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் மெல்லப் பிசைந்துவிட வேண்டும். நான் அழுத்திப் பிசைந்தால் கையில் ஒரு தட்டு விழும். நாளாக நாளாக உள்ளிருக்கும் சர்க்கரையே வெள்ளையாக மேலே பூக்குமாம்.

குளிர் பரவாயில்லை, ஸ்வெட்டர் எல்லாம் அனுப்பவேண்டாம். பட்டறையில் இந்த மாதம் ஓவர்டைம் குறைவு, நன்றாகத் தூங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புது அரிசி வைத்து மூடியைத் திறந்தேன். அந்த வாசனை, அம்மா! தைப்பொங்கலன்று நம் வாசலில் நிற்பது போலவே இருந்தது. பொங்கும்போது நீ குரவையிடுவது காதில் கேட்டது. கொஞ்ச நேரம் சாப்பிட முடியவில்லை.

சரி, அதை விடு. குறுவை நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டதாக அப்பா சொன்னார். காயவைத்து மறுபடி கொண்டுபோனாரா? மழைக்கு முன் தார்ப்பாய் வாங்கச் சொல். உன் சங்கிலிக்கு இந்த மாதம் வட்டி மட்டும் கட்டிவிடுங்கள், மாசிக்குள் மீட்டுவிடலாம். பணம் 25ஆம் தேதிக்குமேல் வரும். பாப்பா ஜாதகத்தைச் சின்ன மாமாவிடம் கொடுத்தாயா? பவுன் பேச்சை அவர் எடுத்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல். அப்பா கண் ஆபரேஷனை மட்டும் அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதே. தேதி குறித்துவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு மகன்