இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள தங்கைக்கு,

உன் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது உன் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யூட்யூபில் போட்டுவிடுவார்கள். தனியாக அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். வாட்ஸப்பில் நான்கு முறை எழுதி அழித்தேன். நான் அனுப்பினால் நீ படிக்காமல் விட்டுவிடுவாய். இங்கே எழுதினால் யாராவது உனக்கு அனுப்பிவைப்பார்கள், அப்போது படிப்பாய்.

சேதி இதுதான். முன்பு உனக்கு டப்பிங் பேசினவள் என்று, போன வாரம் உன் புது சீரியல் கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீ திரும்பி வருகிறாய் என்று சொன்னார்கள். அம்மா ரோல். "பழைய வாய்ஸே இருந்தா ஜனங்களுக்கு உடனே ஒட்டிக்கும், நீங்களே பேசிடுங்க மேடம்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரேட் அதிகம் கேட்டேன் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. ரேட் பேச்சே வரவில்லை.

நாளையோடு ஏழு வருஷம் ஆகிறது, அந்த கார்டு வந்து. "இவருக்குப் பதில் இவர்". திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் சில விநாடி. அறுநூறு எபிசோடுக்கு மேல் நீ தூக்கிச் சுமந்த ஒரு பெண்ணை அந்த மூன்று வார்த்தையில் இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நீ ஏன் போனாய் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், யூனிட்டில் டீ கொடுக்கிற அண்ணனுக்கும் தெரியும். நான் இன்னும் அதே தெருக்களில்தான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

எத்தனையோ ராத்திரி சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரில் உனக்காகப் பேசியிருக்கிறேன். ஆனால் நினைத்துப் பார்த்தால் எனக்கு வருவது ஒரே ராத்திரிதான். கதையில் உன் அப்பா செத்துப்போகிற சீன். நிஜத்தில் உன் அப்பா போய் அப்போது பதினெட்டு நாள். காரியம் முடியும் முன்பே உன்னை மைசூரிலிருந்து வரவழைத்து இந்த சீனை எடுத்திருந்தார்கள். டெலிகாஸ்ட் மறுநாள். ஃபுட்டேஜ் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வந்தது. இன்ஜினியர் தம்பி பைலட் ட்ராக்கை, அதாவது ஷூட்டிங்கில் பதிவான சத்தத்தைப் போட்டார். வழக்கமாக அதில் அசிஸ்டென்ட் டைரக்டர் பிராம்ப்ட் பண்ணுகிற குரல்தான் பெரிதாகக் கேட்கும். நீ அதைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பாய். அன்றைக்கு அவர் குரல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. நீ மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாய், கன்னடத்தில். "அப்பா, எத்தேளப்பா." மூன்று தடவை.

ஸ்கிரிப்டில் இருந்தது "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று ஒரு நீள வசனம். அதை உன் வாயில் பொருத்தவே முடியாது. தமிழில் 'ப'வும் 'ம'வும் வருகிற இடத்தில் உதடு மூடும். டப்பிங்கில் மற்ற எழுத்தெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம், உதடு மூடுகிற இடத்தை மட்டும் ஏமாற்ற முடியாது. எத்தேளப்பா, எத்தேளப்பா என்று நான் மைக் முன்னால் முணுமுணுத்துப் பார்த்தேன். அப்புறம் அதே அர்த்தத்தில் "எழுந்திருப்பா" என்று சொன்னேன். உன் உதடு மூடுகிற இடத்தில் என் உதடும் மூடியது. தம்பி திரும்பிப் பார்த்தார். "வசனத்தை மாத்திக்கலாமாக்கா, கேக்கணும்ல?" என்றார். அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? பேசிவிட்டேன். இரண்டாவது டேக்கில் என் தொண்டை உடைந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

வெளியே வந்தால் காரிடாரில் நீ உட்கார்ந்திருந்தாய். மேக்கப்கூடக் கலைக்கவில்லை, கிளிசரின் காய்ந்து கன்னத்தில் வெள்ளையாகக் கோடு. எப்போது வந்தாய் என்றே தெரியாது. "நான் என்ன சொன்னேன் அக்கா அங்கே?" என்று கேட்டாய். உனக்கே ஞாபகமில்லை. சொன்னேன். அந்தத் தமிழ் வார்த்தையைச் சொல்லிக்கொடு என்றாய். எளுந்திரு, எளுந்திரு என்று நீ சொல்ல, நாக்கை மேலே ஒட்டாமல் உள்ளே மடி என்று நான் சொல்ல, இரண்டு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆட்டோக்காரர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒருமுறை 'ழ' சரியாக வந்தது. உடனே என் மடியில் தலையை வைத்து அழ ஆரம்பித்தாய்.

அந்த எபிசோட்தான் உனக்கு விருது வாங்கித் தந்தது.

அந்த மேடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொகுப்பாளர் அந்த வசனத்தைப் பேசிக்காட்டச் சொன்னார். நீ பேசினாய், உன் சொந்தக் குரலில். அரங்கமே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்துச் சமாளித்துவிட்டு இறங்கினாய். நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. பாருங்கள், இவள் இல்லை, நான்தான் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. மடியில் தலை வைத்து அழுத பெண்ணைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியது. ஏழு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஆனால் நீ மட்டும் என்ன செய்தாய்? அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பேட்டியில் "உங்க குரல்தான் பெரிய பிளஸ்" என்று கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டு "தேங்க்ஸ்" என்றாய். "எனக்கு ஒரு அக்கா பேசுறாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? சீரியல் முடிந்து பெயர்கள் ஓடும்போது விளம்பரம் போட்டுவிடுவார்கள், என் பெயரை என் அம்மாகூடப் படித்ததில்லை. தீபா வெங்கட் மாதிரி சிலர்தான் 'கோலங்கள்' போன்ற தொடரில் முகமும் காட்டி, நயன்தாராவுக்குக் குரலும் கொடுத்துப் பெயர் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு உன்னைப் போல ஒருத்தி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அந்தப் பேட்டியை என் மகள் பார்த்தாள். "ஏம்மா உன் பேரைச் சொல்லல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சரி, கார்டு வந்த நாளுக்கு வருகிறேன். நீ அதைத்தான் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். புதுப்பெண்ணின் முதல் சீன். "மாமா, நான் வந்துட்டேன்" என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். மைக் முன்னால் நின்றபோது போன் ஸ்டாண்டில் அதிர்ந்தது, உன் பெயர். கட் பண்ணினேன். திரும்ப வந்தது. திரும்பக் கட் பண்ணிவிட்டு, உனக்காகப் பேசின அதே குரலில், நீ சொல்கிற அதே இழுப்போடு, "மாமா, நான் வந்துட்டேன்" என்றேன். முகம் மாறியது ஜனங்களுக்கு உறுத்தக்கூடாது என்றுதான் என்னை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். உன்னை அவர்கள் மறப்பதற்கு என் குரல்தான் உதவியது. மறுத்திருந்தால் வேறொருத்தி என்னைப் போலவே பேசிவிட்டுப் போயிருப்பாள். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஒரு வாரம்தான் பாக்கி. இதெல்லாம் நிஜம். ஆனால் போனை எடுத்து "பேசத்தான் போகிறேன்" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு ஃபீஸ் தடையில்லை.

அதற்கப்புறம் 2020. மார்ச் 19-ல் எல்லா ஷூட்டிங்கும் நின்றது. பழைய 'மெட்டி ஒலி'யையே மறுபடி போட்டு ஓட்டினார்கள். மே 11-லிருந்து ஐந்து பேர் வரை வைத்து டப்பிங் செய்யலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் எங்களுக்குப் பேச எபிசோட் ஏது? அப்புறம்தான் 20 பேரோடு ஷூட்டிங் நடத்தலாம் என்றார்கள், மே கடைசியில் 60 ஆக்கினார்கள். அந்த இடைவெளியில் ஒரு நாள் உன்னிடமிருந்து ஜிபேயில் பணம் வந்தது. ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாடகை அதில்தான் கொடுத்தேன். அன்பில் அனுப்பினாயா, முகத்தில் வீசினாயா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மாதம் எங்களைக் காப்பாற்றியது நீதான்.

இப்போது ஏன் மாட்டேன் என்கிறேன் என்றால், போன வருஷம் உன் ஊரில் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்தேன். கோயில் வாசலில் தமிழ் ரசிகைகள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீ தமிழில்தான் பேசினாய். கொஞ்சம் கரகரப்பு, வாக்கியத்தின் முடிவில் ஒரு கன்னட இழுப்பு. "வாழைப்பழம் சாப்பிடுங்கம்மா" என்று ஒரு பாட்டியிடம் சொன்னாய். இரண்டு 'ழ'வும் சுத்தமாக விழுந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ராதிகா 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' வந்தபோது தமிழ் சரளமாக வராது என்பார்கள். 1999-ல் 'சித்தி' வந்தபோது அந்தக் குரலுக்காகவே எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவி ஓடியது. முப்பத்தைந்து வயதில் உன்னை அம்மாவாக்கி உட்காரவைக்கப் போகிறார்கள். குரலாவது உன்னுடையதாக இருக்கட்டும்.

டைரக்டரிடம் நீயே கேள். நான் கேட்டால் எடுபடாது. மாதச் சம்பளம் போல வரக்கூடிய ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அதைச் சொல்லிக்காட்டுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்.

முதல் நாள் டப்பிங்குக்குப் போகும்போது மைக்கை உன் உயரத்துக்கு இறக்கச் சொல். வளையலைக் கழற்றிவிடு, சத்தம் ஏறும். பால் குடித்துவிட்டுப் போகாதே, தொண்டை கனத்த மாதிரி இருக்கும். வெந்நீர் எடுத்துக்கொள். எந்த வார்த்தையாவது வரவில்லையென்றால், எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. எடுப்பேன்.

உன்
அக்கா